டென்ட்ரைட்டிக் செல்லும் டி செல்லும்: வாசகர் கேள்விகள்

டென்ட்ரைட்டிக் செல்தான் கிருமியை விழுங்கிவிடுகிறதே, பிறகு டி செல் எதற்கு? (மாணவி, அம்பாசமுத்திரம்)

டென்ட்ரைட்டிக் செல் நோய் எதிர்ப்பு அமைப்பின் காவல்காரன்; டி செல், தாக்குதலை நடத்தும் வெள்ளையணு. காவல்காரன் விழுங்குவது கொன்று தீர்க்க அல்ல, டி செல்லிடம் காட்டிக்கொடுக்க. கிருமியின் புரதத்தை நறுக்கி, துண்டைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எம்ஹெச்சி என்ற மூலக்கூறின் மேல் ஏற்றி, வழிகாட்டும் சிசிஆர்7 ஏற்பியின் துணையோடு நிணநீர்க்கணுவுக்குப் போகும். அந்தத் துண்டை அடையாளம் காணும், இதுவரை கிருமியைச் சந்திக்காத டி செல் லட்சத்தில் ஒன்று இருந்தால் பெரிது. அதனால்தான் தேடல், டி செல்கள் கூடும் கணுவில் நடக்கிறது.

எம்ஹெச்சி எந்த டி செல்லுக்குக் காட்டும்? (தென்காசி)

எந்த வகுப்பு என்று எழுதாமல் கேட்டால் எப்படி? வகுப்பு 1 என்றால் சிடி8 (பாதித்த செல்லைக் கொல்லும் டி செல்), வகுப்பு 2 என்றால் சிடி4 (பிற செல்களுக்கு உதவும் டி செல்). செல்லுக்குள் உருவான புரதம் முதலாவதில் ஏறும், வெளியிலிருந்து விழுங்கியது இரண்டாவதில். விழுங்கியதை வகுப்பு 1-லும் ஏற்றிக் காட்டுவதில் டென்ட்ரைட்டிக் செல் கைதேர்ந்தது.

தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்தான் இன்சுலின் சுரக்கிறதா? (வள்ளியூர்)

இல்லை. தோலில் இருப்பது டென்ட்ரைட்டிக் செல் வகை. இன்சுலின் சுரப்பது கணையத்து லாங்கர்ஹான்ஸ் திட்டு. கண்டவர் ஒருவரே, உறுப்பு வேறு.

நாய் கடிச்சு ரெண்டு ஊசி போட்டாச்சு. காயம் ஆறிட்டு. மிச்சமும் போடணுமா? (சங்கரன்கோவில்)

போடணும். இன்றைக்கே. இந்தக் கேள்வி வராத மாதமில்லை, எனக்கும் அலுத்துவிட்டது. காயம் ஆறியதற்கும் வைரஸ் போனதற்கும் சம்பந்தமே இல்லை. ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக மெல்ல ஏறும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ.

தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில், இடத்துக்கு 0.1 மில்லி. இத்தனை குறைந்த மருந்து போதுவதே தோலில் டென்ட்ரைட்டிக் செல்கள் நெருக்கமாக இருப்பதால்தான். அவை கணுவுக்குப் போய் சிடி4 செல்லை எழுப்பி, அது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்கும் பி செல்லுக்கு உதவி, எதிர்ப்பொருள் போதிய அளவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளிக்காகத்தான் ரத்தம் வந்த கடிக்கு முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்பொருள், போடுகிறோம். அடுத்தடுத்த தவணைகள் அந்த எதிர்ப்பொருளை உயர்த்தி நிறுத்துகின்றன. தவணை தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஆனால் தடுப்பூசி அட்டை இல்லாமல் போய் நின்றால் எது விட்ட இடம் என்று யார் சொல்வது? அட்டையைத் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று: கடித்ததும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அடுக்களையிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த பொடி டென்ட்ரைட்டிக் செல்லைத் தூண்டிவிடுமாமே? (கடையநல்லூர்)

சும்மா தூண்டிவிடுவது நல்லதென்று யார் சொன்னது? டி செல்லுக்கு எம்ஹெச்சி துண்டு மட்டும் போதாது. டென்ட்ரைட்டிக் செல்லின் மேலுள்ள சிடி80, சிடி86 என்ற புரதங்கள் டி செல்லின் சிடி28-ஐத் தொட வேண்டும். ஆபத்து தெரிந்தால்தான் அவை பெருகும். அந்த இரண்டாம் சமிக்ஞை இல்லாவிட்டால் டி செல் மரத்துப்போகும். நம் உடம்பை நாமே தாக்காமல் இருக்க உதவும் கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று. காசை மிச்சம் பிடியுங்கள்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரம் கழித்துப் புண்ணாகிச் சீழ் வைக்கிறது. களிம்பு தடவலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டாம், தானே ஆறும். அக்குளில் நெறி கட்டி, நெல்லிக்காய் அளவுக்கு மேல் பெருத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டையோடு.