கேம்பர் வேனின் பேட்டரியை நிரப்ப 21 சதவீதப் பேனல்தான் வேண்டுமா, 17 சதவீதம் போதாதா?

இரண்டு சோலார் பேனல்களும் 100 வாட்தான். ஒன்றின் செயல்திறன் 21 சதவீதம், மற்றொன்றினுடையது 17 சதவீதம். விலை கூடுதலானதை வாங்கினால் வேனில் உள்ள 12 வோல்ட் பேட்டரி விரைவாக நிரம்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிரம்பாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பாலிடெக்னிக் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மின்னியல் பாடம் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இதே இடத்தில் நானே சறுக்கி விழுந்தேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1000 வாட் வெயில் விழும்போது, பேனலில் பதித்திருக்கும் சிலிக்கான் தகடான செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கையில், அதில் எத்தனை பங்கு மின்சாரமாக மாறுகிறது என்பதே அந்தச் சதவீதம். 100 வாட் தருவதற்கு 21 சதவீதப் பேனலுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் போதும். 17 சதவீதப் பேனலுக்கு 0.6 சதுர மீட்டர் அளவு இடம் வேண்டும். ஒருவர் அரை ஏக்கரில் பத்து மூட்டை எடுக்கிறார், இன்னொருவர் முக்கால் ஏக்கரில் பத்து மூட்டை எடுக்கிறார். களத்துக்கு வந்து சேருவது இருவருக்கும் பத்து மூட்டைதான். ஆகவே வேனின் கூரையில் இடம் நெருக்கடியாக இருந்தால் மட்டும் கூடுதல் விலை கொடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சிலர் செல்லின் செயல்திறனைப் பேனலின் செயல்திறன் போலச் சொல்லி விற்கிறார்கள். செல்களுக்கு இடையிலான இடைவெளியையும் சட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது இரண்டு மூன்று சதவீதம் இறங்கிவிடும். டேப் வைத்து நீள அகலத்தை மீட்டரில் அளந்து, வாட்டை அந்தப் பரப்பால் வகுத்து, வருவதைப் பத்தால் வகுத்துப் பாருங்கள், சதவீதம் கிடைத்துவிடும். சாதாரண சிலிக்கான் செல்லுக்குக் கோட்பாட்டளவிலேயே எல்லை ஏறக்குறைய 29 சதவீதம்தான். யாராவது 30 சதவீதம் என்று சொன்னால், பேச்சை வளர்க்காமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி என் கதை. பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சிறிய 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, விளக்குகள் எல்லாம் பொருத்தி, 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரிகள் இரண்டை இணையாக இணைத்தேன். கூரைக்கு, வீட்டு மாடிகளில் வைக்கிறார்களே, அந்த வகைப் பேனல்: 72 செல், 380 வாட், 19.5 சதவீதம். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் நின்று சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. பழைய 100 வாட் பேனலுடன் பயன்படுத்திய பிடபிள்யூஎம் (PWM) என்ற எளிய வகை அது. கடைக்காரர் பில் போடும்போது, "கன்ட்ரோலர் என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா" என்றேன். அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

380 வாட், நாளுக்கு 5 மணி நேர முழு வெயில், ஆக 1900 வாட்-மணி. எங்கள் செலவோ ஏறக்குறைய 1000. காகிதத்தில் கணக்கு மிக அழகாக இருந்தது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து புறப்பட்டு, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாகலூர் பக்கத்தில் மைத்துனரின் காப்பித் தோட்டத்தில் வேனை நிறுத்தினோம். மூன்றாம் நாள் இரவு குளிர்சாதனப் பெட்டி நின்றது. காலையில் மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, வீட்டுல இருந்து ஒரு ஒயர் இழுத்துக்குங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

முதலில் சில்வர் ஓக் மரங்களின் நிழலைக் குறை சொன்னேன். காலை பத்து மணி வரையிலும் பிற்பகல் மூன்றுக்குப் பிறகும் வேனின் மீது நிழல் இருந்தது உண்மைதான். அடுத்ததாகக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்து, போலிப் பேனலை விற்றுவிட்டதாகச் சத்தம் போட்டேன். சேலத்துக்குத் திரும்பி, நிழலே இல்லாத மே மாத நண்பகலில், ஒயரில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தபோது 9 ஆம்பியர் காட்டியது. பேட்டரி அப்போது 13.2 வோல்ட், பெருக்கினால் 120 வாட் கூட வரவில்லை.

வாழப்பாடி பக்கம் சோலார் பம்புசெட் பொருத்தும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "சார், பேனலுக்குப் பின்னால ஸ்டிக்கர்ல வோல்ட் எவ்வளவு போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். பார்த்தேன்: உச்சத் திறனில் 40 வோல்ட், 9.5 ஆம்பியர். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியோடு நேரடியாக இணைத்தும் துண்டித்தும் வேலை செய்வது. இணைந்திருக்கும் வேளையில் பேனலின் வோல்ட் பேட்டரியின் 13 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் அதற்கு ஈடாக ஆம்பியர் அதிகரிக்காது. 40 அடி உயரத்திலிருந்து விழ வேண்டிய தண்ணீரை 13 அடி உயரத்திலிருந்து மட்டும் சக்கரத்தின் மீது விழவிட்டது போன்றது அது: தண்ணீரின் அளவு அதேதான், கிடைக்கும் திறனோ மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கன்ட்ரோலருடன் 36 செல் கொண்ட 160 வாட் பேனலை வைத்திருந்தாலும் எனக்கு ஏறக்குறைய இதே ஆம்பியர் கிடைத்திருக்கும். பாடம் நடத்திய மனிதர் இதைக் கவனிக்காமல் இருப்பாரா என்று சிலர் கேட்கக்கூடும். இருந்தார், சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எம்பிபிடி (MPPT) என்ற இன்னொரு வகைக் கன்ட்ரோலர் மிகுதி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். 30 ஆம்பியர் அளவில் ஒன்று வாங்கிப் பொருத்தியதும், அதே கூரையில், அதே பேனலில், 22 ஆம்பியர் வந்தது. அப்போதும் 380 வாட் வரவில்லையே என்றால், அதற்கு எங்கள் ஊர் வெயில்தான் காரணம். சேலத்துக் கோடையில் வேனின் கூரையில் செல்லின் சூடு 65, 70 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் திறன் குறைவதால், ஆறில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், மூடுபனி இல்லாத நண்பகலில், அதே பேனல் 25 ஆம்பியர் வரை கொடுத்ததை நானே பார்த்தேன். மூடுபனி இறங்கினால் நான்கைந்துக்குப் போய்விடும் என்பதையும் பார்த்தேன். பேனலுக்கும் கூரைக்கும் இடையே காற்று போக இரண்டு மூன்று அங்குலம் விடுங்கள். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். அவற்றை வைத்திருப்பவர்கள் என்மீது வருத்தப்பட வேண்டாம்.

உங்கள் 100 வாட் பேனல்கள் இரண்டிலும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 36 செல், 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று இருந்தால் விலை மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலரே போதும். 18க்கும் 13க்கும் உள்ள வேறுபாட்டில் கால் பங்குக்கும் சற்று அதிகமாக இழப்பீர்கள், ஒற்றைப் பேனலுக்கு அது பெரிய குற்றமில்லை. நாளொன்றுக்கு 27 ஆம்பியர்-மணி அளவு கிடைக்கும். பாதி காலியான 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி நிரம்ப, தெளிந்த வெயிலில் இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். பேனலைச் சாய்த்து வைக்க வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சேலம் இருப்பது ஏறக்குறைய 11½ டிகிரி அட்சரேகையில். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். டிசம்பர் நண்பகலில்தான், படுக்கையாக வைத்த பேனலுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை இழப்பு. மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சிறு சாய்வு இருந்தால் போதும்.

கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்தப் பழைய கன்ட்ரோலர் இப்போது மைத்துனரின் தோட்டத்துக் கொட்டகையில், என் பழைய 100 வாட் பேனலுடன் சேர்ந்து, இரவு முழுவதும் விளக்கு எரிக்கிறது.