எம்-சீல் எடுப்பதற்கு முன்: கேம்பர் வேன் தண்ணீர் டேங்க் கேள்வி-பதில்

கேள்வி: பட்டறை ஒன்றில் வேனை கேம்பராக (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியாக) மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. பின் சீட்டுக்கு அடியில் 70 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய் வந்தால் தரை ஈரமாகிவிடுகிறது. வீட்டில் நிற்கும்போதும் சில நாள் ஈரம் தெரிகிறது. மெக்கானிக் இரண்டு முறை எம்-சீல் (பிசைந்து ஒட்டும் எபாக்சி) வைத்தும் நிற்கவில்லை. டேங்கையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
வாசகர், ஓசூர்

பதில்: அவசரப்படாதீர்கள். டேங்க் ஒழுகுகிறது என்று வண்டியைக் கொண்டுவருபவர்களில் பலருக்கு டேங்க் நன்றாகத்தான் இருக்கும். ஒழுகுவது அதில் மாட்டிய நிப்பிளோ (குழாயை டேங்கோடு இணைக்கும் துண்டு), ஹோஸோ, கிளிப்போதான். முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பம்ப் சுவிட்சை அணைத்துவிட்டு டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள். அளவுக் குழாயில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு 12 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் கோளாறு டேங்கிலோ, அதிலிருந்து பம்ப் வரை வரும் குழாயிலோ இருக்கிறது. இறங்காவிட்டால் பம்புக்குப் பிறகுள்ள குழாய்களைப் பாருங்கள். பம்ப் ஓடி அழுத்தம் ஏறினால்தான் அவை சொட்டும்.

மட்டம் இறங்குகிறது என்றால் நிரப்பாமல் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். ஓர் இடத்தில் இறங்குவது நின்றுவிடும். ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. அடி வரை இறங்கினால் அடி நிப்பிளைச் சந்தேகப்படலாம். பிறகு எல்லா இணைப்பையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவையுங்கள். முதலில் நனைவது எதுவோ அதுதான் ஆள். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமுமானது என்பது இந்த ஒரு வேலைக்கு வசதி: பழைய கசிவு காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு விட்டுப்போகும். கோட்டின் மேல் நுனியைப் பாருங்கள், தரையில் ஈரம் இருக்கும் இடத்தை அல்ல. தண்ணீர் மரத்தட்டு வழியாக ஓரடி ஓடி வந்துதான் சொட்டும்.

எம்-சீல் ஏன் நிற்கவில்லை? பொருளில் குறையில்லை. இரும்புக் குழாயிலும் சிமென்டிலும் பிடிக்கும். உங்கள் டேங்க் அநேகமாக பாலிஎத்திலீன். அதன்மேல் எபாக்சி, சிலிகான், ஃபெவிக்விக் எதுவும் நிலையாக ஒட்டாது. மெழுகின்மேல் ஒட்டுவது போல. சில நாள் நிற்கும், வண்டி குலுங்கியதும் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

நிப்பிள்தான் ஒழுகுகிறது என்றால் கழற்றிப் பாருங்கள். டேங்க் நிப்பிளில் தண்ணீரை அடைப்பது ரப்பர் வாஷர், மரை அல்ல. வாஷர் டேங்கின் உள்பக்கம், நிப்பிளின் தலைக்கு அடியில் இருக்க வேண்டும். கை உள்ளே போகாத டேங்குகளில் வெளியே நட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். தண்ணீர் மரை வழியாகவே வெளியே வரும். சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட வாஷரும் உண்டு: தண்ணீரில் ரப்பர் வாடை அடித்தால் அதுதான். சிலிகான் அல்லது இபிடிஎம் ரப்பர் வாஷர் போட்டு, கையால் முடிந்தவரை முடுக்கி, ஸ்பானரில் கால் சுற்று மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் முடுக்கினால் வாஷர் பிதுங்கும், பிளாஸ்டிக் வெடிக்கும்.

இன்னொன்று, பட்டறையில் பலர் கவனிக்காதது. வெளிநாட்டு பம்ப், வால்வ் சிலவற்றில் மரை என்பிடி என்ற அமெரிக்க வகை. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வகை. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் இரண்டு அளவிலும் இரு வகைக்கும் ஓர் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் பிஎஸ்பியில் 55 பாகை, என்பிடியில் 60 பாகை. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் மெல்லக் கசியும். மாட்டும் இரண்டும் ஒரே வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

டேங்கிலிருந்து கெட்டியான சிபிவிசி குழாய் நேராகப் போகிறதா என்றும் பாருங்கள். பாலிஎத்திலீன் வெயிலில் நன்றாக நீளும்: ஒரு மீட்டர் டேங்க் 30 டிகிரி சூடேறினால் நாலைந்து மில்லிமீட்டர். கெட்டிக் குழாய் அதற்கு வளைந்து கொடுக்காது, நிப்பிளின் வேரில் விரிசல் விழும். நடுவில் ஓரடி ஹோஸ் கட்டாயம் வேண்டும்.

மலை இறங்கும்போது மட்டும் வரும் தண்ணீர் வேறு கதை. காற்றுக் குழாய் தாழ்வாக இருந்தால் அலையடித்து அதன் வழியே கொட்டும். அந்தக் குழாயை நிரப்பும் வாய்க்கு மேல் வரை ஏற்றி ஒரு வளையம் போட்டுக் கட்டினால் போதும். 70 லிட்டர் என்றால் 70 கிலோ. பிரேக் அடிக்கும்போது அத்தனையும் முன்சுவரில் மோதும். டேங்க் முழு அடியும் பலகையில் உட்கார்ந்து இரண்டு இடத்தில் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா, பலகையின் மேல் எந்த ஸ்க்ரூ முனையும் துருத்தவில்லையா என்று தடவிப் பாருங்கள்.

டேங்கே வெடித்திருந்தால், சமதளப் பரப்பில் இருக்கும் சின்ன விரிசலை பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம். விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, வி வடிவில் சுரண்டி, அதே வகை பிளாஸ்டிக் கம்பியால் சூடுகாற்றில் உருக்கி நிரப்ப வேண்டும். மூலையில் விழுந்த விரிசல், சுற்றிலும் வெண்மை படர்ந்த விரிசல் என்றால் பணத்தை வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். அப்போது மெக்கானிக் சொல்வது சரி, மாற்றுங்கள்.

கேள்வி: இரவில் யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டர்ர்’ என்று ஓடி நிற்கிறது. வெளியே ஒரு சொட்டுகூட இல்லை.
வாசகர், பாலக்கோடு

பதில்: அழுத்தம் எங்கோ இறங்குகிறது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால், பம்புக்குள் இருக்கும் செக் வால்வ் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வழியாகத் தண்ணீர் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வால்வை மூடியும் ஓடினால் வெளிப்பக்கக் குழாயில் கசிவு. ஷவர், கீசர் இணைப்புகளைத் துழாவுங்கள். செக் வால்வில் பெரும்பாலும் உப்புத் துணுக்குதான் சிக்கியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து பம்பில் ஓட்டி, அரை மணி ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அதே நாளில் பிளீச்சிங் திரவம் போடாதீர்கள்: இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய வண்டிக்குள் அது ஆபத்து.

கேள்வி: பிளாஸ்டிக் வேண்டாம் என்று 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் போட்டேன். பத்தாவது மாதம் வெல்டிங் ஓரத்தில் துருவும் சொட்டும். “உங்க ஊர் தண்ணி அப்படி” என்று சொல்லி பட்டறைக்காரர் பில்லைக் காட்டுகிறார். அதில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது.
வாசகர், தர்மபுரி

பதில்: தண்ணீர்மேல் பழி போடுவது எளிது. உப்புத் தண்ணீர் 304-ஐயும் அரிக்கும்தான், ஆனால் பத்து மாதத்தில் வெல்டிங் ஓரம் மட்டும் போனால் வேலையைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்கான் வெல்டிங்கில் உள்பக்கமும் வாயு கொடுக்காமல் அடித்திருந்தால் அங்கே நீலமும் பழுப்புமாகக் கருகிய பட்டை இருக்கும். அதை அமிலப் பசையால் கழுவி எடுக்காமல் விட்டால் துரு அங்கேதான் தொடங்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள்.

இரண்டாவது, அது 304-தானா? 202 வகையை 304 என்று தள்ளிவிடுவது சந்தையில் நடக்கிறது. இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்பாதீர்கள். பழைய ஸ்டீல் வாங்குபவர்கள் சின்ன பேட்டரியும் சோதனைத் திரவமும் வைத்திருப்பார்கள். 202-இல் மாங்கனீசு அதிகம், சொட்டு விட்டால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் பக்கத் தவறு ஒன்றே ஒன்று இருக்கலாம்: பிளீச்சிங் திரவத்தை டேங்கில் ராத்திரி முழுக்க விட்டிருந்தால் அதுவும் ஸ்டீலைத் தின்னும். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு கேட்கும்.

பில்லில் உள்ள அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. உங்களுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டதால் அந்தப் பிரிவைவிட, குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு என்ற இரண்டைப் பிடிப்பதுதான் வலு. புகாருக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். வேறு யாரிடமும் வெல்டிங் அடிக்கக் கொடுக்காதீர்கள். ஆதாரமும் போகும், வாரண்டியும் போகும். சொட்டுவதைத் தேதியோடு வீடியோ எடுங்கள். அடியில் ஒரு டம்ளர் வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து எழுதுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல். பில், 304 என்று எழுதிய கொட்டேஷன் அல்லது வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றுடன் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பட்டறை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, 5 முதல் 10 லட்சம் என்றால் 200 ரூபாய். சட்டம் சொல்லும் கெடு மூன்று மாதம், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் கூடுதலாகும், அதற்குத் தயாராக இருங்கள். வண்டியை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவராக இருந்தால் ‘வணிக நோக்கம், அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு. அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பழைய கேம்பர் வேன் ஒன்று பார்த்திருக்கிறேன். டேங்கில் என்ன பார்க்க வேண்டும்?
வாசகர், ஊத்தங்கரை

பதில்: முதலில் ஆர்.சி. உள்ளே மாற்றியது அதில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி அனுமதி இல்லாத மாற்றம் பின்னால் இன்சூரன்சில் வந்து நிற்கும்.

டேங்கைக் காலியாகக் காட்டினால் ஏற்காதீர்கள். முந்தின நாள் மாலையே முழுக்க நிரப்பிவைக்கச் சொல்லி, காலையில் போய் முதலில் அடிப்பலகையில் கை வையுங்கள். பிளைவுட் ஊதியிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் உள்ளே போனாலோ, ஒழுகல் பழையது. பலகையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அதை விலையில் கழியுங்கள். பசையோ எம்-சீலோ பூசிய இடம் தெரிந்தாலும் அப்படியே. முன்பக்கம் ஏ.சி. ஓடும்போது சொட்டும் தெளிந்த தண்ணீரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கழிவுநீர் டேங்க் தனியாக இருந்தால் நல்ல தண்ணீர் டேங்கில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். சொட்டும் தண்ணீரில் நிறம் வந்தால் எது ஒழுகுகிறது என்று வாதம் இல்லை.

வாங்கிய பிறகு, பிளாஸ்டிக் டேங்க் என்றால், 100 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) 100 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் வாசம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து வடித்து, இரண்டு முறை அலசுங்கள். கேசரிச் சாயமும் அதில் போய்விடும். இது கிருமியைத்தான் கொல்லும், ஃப்ளூரைடைத் தொடாது. ஊத்தங்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு இருக்கலாம், அதை நிரப்பினால் குடிக்கத் தனிக் கேன் வைத்துக்கொள்ளுங்கள்.