ஊசியின் காதைப் பெரிதாக்க முடியாது: செல்வம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த 'ஊசியின் காது' எருசலேமில் இருந்த ஒரு குறுகிய வாசலாமே? ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டு நுழையுமாம்.

பதில்: இதுதான் முதலில் வரும் என்று தெரியும். அவர் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் கட்டிய வாசல் அது. சுவிசேஷங்களையே பாருங்கள். ஊசிக்கு மாற்கும் மத்தேயுவும் 'ராஃபிஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் போடுகிறார்கள், லூக்கா 'பெலொனே' என்கிறார். ஊர் அறிந்த வாசலின் பெயர் என்றால் இப்படி ஆளுக்கொரு சொல்லாக மாறுமா? அதோடு, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். சீடர்கள் அதிர்ந்துபோய் "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்கிறார்கள். குனிந்து போகும் வாசலுக்கு இவ்வளவு அதிர்ச்சி எதற்கு?

கேள்வி: ஒட்டகம் இல்லை, கயிறு என்றும் படித்தேன்.

பதில்: 'கமேலோஸ்' ஒட்டகம், 'கமிலோஸ்' வடம், அதாவது தடித்த கயிறு. பிற்காலக் கிரேக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. பிந்திய சில கைப்பிரதிகளில் வடம் வருகிறது, பழையவற்றில் ஒட்டகம்தான். சரி, வடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் வடத்தை ஊசியில் கோத்துவிடுவீர்களா? யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதிலும் ஊசியின் காதில் யானை நுழைவதைப் பற்றிய பேச்சு உண்டு. நடக்காத காரியத்தைச் சொல்ல அவர்கள் யானையைப் பிடித்தார்கள், இவர் ஒட்டகத்தைப் பிடித்தார், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் பணக்காரனாக இருப்பதே பாவமா?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் எல்லாத் தீமைக்கும் வேர் பணம் அல்ல, பண ஆசை. இதைச் சொன்னதும் பலர் "எனக்கு ஆசை இல்லை, பணம் மட்டும்தான் இருக்கிறது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அதே அதிகாரத்தின் 17, 18 வசனங்களையும் வாசியுங்கள். ஐசுவரியவான்கள் இறுமாப்பாக இருக்கக் கூடாது, நிலையில்லாத செல்வத்தின்மேல் நம்பிக்கை வைக்கக் கூடாது, தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

லூக்கா இதைக் கதைகளாகக் காட்டுகிறார். 12ஆம் அதிகாரத்துப் பணக்கார மதிகேடன் யாரையும் ஏமாற்றவில்லை, நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. பேசுவதும் தன்னிடமே. 16ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் ஏழை லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு வரி இல்லை. வாசலில் கிடந்தவன் அவன் கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. பாதாளத்தில் வேகும்போதும் லாசருவிடம் ஒரு வார்த்தை பேசாமல், தண்ணீர் கொண்டுவர அவனை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான்! செல்வம் தடை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான விளக்கம் இதுதான். அது ஆளை முதலில் கொடியவனாக்குவதில்லை, குருடனாக்குகிறது.

கேள்வி: நான் எருசலேம் போயிருக்கிறேன். வழிகாட்டி அந்த வாசலைக் காட்டினாரே!

பதில்: காட்டியிருப்பார். பெரிய கதவுக்குள் சின்னக் கதவு வைப்பது பழைய நகரங்களில் சகஜம். முதல் நூற்றாண்டில் அதற்கு அந்தப் பெயர் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கேள்வி: வாசல் கதை பொய்யாகவே இருக்கட்டும். சுமையை இறக்கு, மண்டியிடு என்ற கருத்து நல்லதுதானே? ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். தாழ்மை நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கதை 'முடியாது' என்பதை 'கஷ்டம், முயன்றால் முடியும்' என்று மாற்றிவிடுகிறது. இயேசு ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லக் காரணமான பணக்காரன், நித்திய ஜீவனுக்கு "நான் என்ன செய்யவேண்டும்" என்று ஓடிவந்தவன், அவனும் அப்படித்தான் நினைத்தான். கட்டளைகள் எல்லாவற்றையும் சிறு வயதிலிருந்தே கைக்கொண்டவன், இன்னும் ஒன்றுதானே என்று வந்தான், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்றதும் துக்கத்தோடு போனான். இயேசுவின் பதில் "மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல". வாசலைக் கட்டினால் இந்த வசனத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது.

கேள்வி: விட்டுவிட்டால் நூறு மடங்கு கிடைக்கும் என்று மாற்கு 10:30 சொல்கிறதே?

பதில்: வசனத்தை முழுதாக வாசியுங்கள். "துன்பங்களோடேகூட" என்ற சொல்லை ஏன் விழுங்கினீர்கள்?

கேள்வி: எல்லாரும் எல்லாவற்றையும் விற்க வேண்டுமா?

பதில்: மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அந்தோணியார் இந்தப் பகுதியை ஆலயத்தில் கேட்டு, நிலத்தைக் கொடுத்துவிட்டுத் துறவியானார். ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களில் ஒருவரான அலெக்சாந்திரியாவின் கிளமெந்து வேறு மாதிரி வாசித்தார்: உள்ளே இருக்கும் பற்றை விடு, பொருளைப் பிறர் நன்மைக்குப் பயன்படுத்து. லூக்கா சொல்லும் பணக்கார வரிவசூலிப்பாளன் சகேயு தன் சொத்தில் பாதியைக் கொடுத்தான், அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. கிளமெந்தின் வழி நியாயமானது, ஆனால் சௌகரியமும் ஆனது. 'பற்றில்லை' என்று சொல்வது இலவசம் என்பதால் அதை நம்பத் தயங்குகிறேன்.

கேள்வி: எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

பதில்: கணக்கு நான் சொல்ல மாட்டேன், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி சொன்னதைத் தருகிறேன். ஆண்டுக்கு 30 பவுண்டு வந்தபோது 28இல் வாழ்ந்து 2 கொடுத்தது, அடுத்த ஆண்டு 60 வந்தபோதும் அதே 28இல் வாழ்ந்தது. முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்று போதித்தவர் அவர். கேட்டவர்களில் பலர் இரண்டாவதோடு நின்றுவிட்டார்கள் என்பது அவருடைய புலம்பல்.

கேள்வி: தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுப்பது, வரி பிடித்தத்துக்கு முன்பா, பின்பா?

பதில்: உங்கள் சபையில் கேளுங்கள்.

கேள்வி: தாமதமாக வந்தேன். எருசலேமில் ஒரு வாசல்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: படித்துவிட்டேன் ஐயா. ஒட்டகத்தால் மண்டியிட்டபடியே நடக்க முடியுமா என்றுதான் கேட்க வந்தேன்.

பதில்: கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எனக்கும் சொல்லிவிடுங்கள்.