டிவில வர்ற ஆட்டிசம் விழிப்புணர்வு விளம்பரங்களை ஆட்டிசம் உள்ளவங்க எப்படிப் பாக்கறாங்க?

ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு தினம் வந்தா டிவி, எஃப்எம், பேப்பர்னு எல்லாத்துலயும் ஆட்டிசம் பத்திப் பேசறாங்களே, இது உங்களுக்கு உதவுதா இல்லையான்னு ஆட்டிசம் உள்ளவங்களையே கேட்டிருக்கீங்க. நன்றி, இதை எங்ககிட்ட கேக்கறவங்க கம்மி.

நான் ஆட்டிஸ்டிக். முப்பது வயசை நெருங்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சது. வீடு மும்பை ஆண்டாப் ஹில், வேலை அந்தேரில ஒரு டப்பிங் ஸ்டுடியோல சவுண்ட் எடிட்டிங், இந்தில எடுத்த விளம்பரங்களுக்குத் தமிழ் ஆடியோ ரெடி பண்றதுதான் பாதி வேலை. அதனால இந்த மாதிரி விளம்பரங்க எப்படித் தயாராகுதுன்னும் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

நேரா சொல்லிடறேன், பெரும்பாலான கேம்பெயின் எங்களுக்கு உதவறதில்ல, சிலது கெடுதலே பண்ணுது. அதுக்கு நான் பாத்த வரைக்கும் காரணம் ஒண்ணுதான். இதை டிவில பாக்கறவங்கள்ல ஆட்டிசம் உள்ளவங்களும் இருப்பாங்கங்கற நினைப்பே எழுதறவங்களுக்கு வர்றதில்ல. அப்பா அம்மா பாப்பாங்க, டொனேஷன் தர்றவங்க பாப்பாங்க, அவங்களுக்குத்தான் மொத்த வசனமும்.

சில வருஷம் முன்னாடி அப்படி ஒரு விளம்பரம் எங்க ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. பால்கனி கம்பியைப் பிடிச்சுகிட்டு ஒரு சின்னப் பையன் நிக்கறான், வெளிய பாத்து ரெண்டு கையையும் உதறறான், அதை ஸ்லோ மோஷன்ல வெச்சு கீழ வயலின் போட்டு, அம்மா குரல்ல "என் குழந்தை எனக்கு எப்ப திரும்பக் கிடைப்பான்"னு ஒரு வரி. எங்களுக்கு மியூசிக் தனி ட்ராக், குரல் தனி ட்ராக்னு வரும், அந்தத் தடவை ஷூட்டிங் ஸ்பாட்ல ரெக்கார்ட் பண்ணின சவுண்டும் மியூட் பண்ணின ட்ராக்கா கூடவே வந்திருந்துச்சு. ஹெட்ஃபோன்ல அதைப் போட்டுக் கேட்டா, லோக்கல் ட்ரெயின் ஒண்ணு கடகடன்னு போகுது, அந்தப் பையன் "ஆகயா, ஆகயா"ன்னு, வந்துடுச்சு வந்துடுச்சுன்னு இந்தில கத்தி விழுந்து விழுந்து சிரிக்கறான். அவன் கையை உதறினது அந்த ட்ரெயினைப் பாத்த சந்தோஷத்துல. எனக்கு அது சட்டுனு புரிஞ்சது, ஏன்னா சந்தோஷம் தாங்காம போனா நானும் அப்படித்தான் உதறுவேன், சின்ன வயசுல இருந்து. ஏஜென்சில இருந்து வந்திருந்தவங்ககிட்ட சொன்னேன், இந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஏத்தி வைக்கலாமே, பையன் நிஜத்துல சந்தோஷமா இருக்கான்னு. சிரிப்பு வெச்சா எமோஷன் போயிடும், பாக்கறவங்க கலங்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. வயலினோடவே டெலிகாஸ்ட் ஆச்சு.

எங்க பில்டிங்ல கீழ் வீட்டுல ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவங்க பொண்ணுக்கு ஆட்டிசம், பத்து பதினோரு வயசு இருக்கும், சொந்தமா அதிகம் பேசமாட்டா, ஆனா டிவில கேட்ட வசனத்தை அதே ராகத்துல அதே இழுவையோட திருப்பிச் சொல்லுவா, எங்கள்ல நிறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, அது வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சு கிடையாது, பல நேரம் அதுலதான் எங்க பேச்சே இருக்கும். அந்த விளம்பரம் ஓட ஆரம்பிச்சப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது அவ குரல் கேக்குது. "என் குழந்தை எனக்கு எப்ப திரும்பக் கிடைப்பான்", நிறுத்தி, மறுபடியும் அதே வரி, மறுபடியும். "கிடைப்பான்"ல டப்பிங் ஆர்டிஸ்ட் குரல் உடைஞ்சாங்களே, அந்த உடைசல் கூட அப்படியே இருந்துச்சு. அவங்க அம்மா அடுக்களைல இருந்து ஓடி வந்து "ஏட்டி, அதச் சொல்லாதட்டி, நீ எங்கட்டி போன, இங்கதான இருக்க"ன்னு அவளைக் கட்டிப் பிடிச்சுகிட்டாங்க. அந்த வரியை எழுதினவங்க இப்படி ஒரு பிள்ளையும் டிவி முன்னாடி உக்காந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும்.

இது நம்ம ஊர்ல புதுசா வந்ததில்ல, அமெரிக்காவுல பெரிய மீடியா பின்னாடி நின்னு பண்ணின கேம்பெயின்லயும் இதே கோளாறுதான். 2005-ல ஆட்டிசம் ஸ்பீக்ஸ்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்ச பாப் ரைட் அப்போ என்பிசி யுனிவர்சல் டிவி கம்பெனியோட தலைவர், பேரனுக்கு ஆட்டிசம். டிவி கையிலயே இருக்கு, அதனால வேகமா பரவுச்சு. 2006-ல அவங்க வெளியிட்ட ஒரு குறும்படத்துல, அந்த அமைப்போட நிர்வாகத்துல இருந்த ஒரு அம்மா, மகளைக் கார்ல ஏத்திகிட்டு பாலத்துல இருந்து விழுந்துடலாம்னு யோசிச்சேன், இன்னொரு பொண்ணு வீட்டுல இருந்ததாலதான் விட்டேன்னு கேமரா முன்னாடி சொல்றாங்க. சொல்லும்போது அந்த மகள் அதே ரூம்ல இருக்கா. அந்தம்மாவுக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது, அவங்களுக்கு உதவி கிடைச்சிருக்கணும், ஆனா அதை எடிட் டேபிள்ல பாத்தும் அப்படியே விட்டாங்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

2007 டிசம்பர்ல நியூயார்க் யுனிவர்சிட்டியோட குழந்தைகள் மனநல மையம் ஊர் முழுக்க போர்டு வெச்சாங்க, கடத்தல்காரன் எழுதின மிரட்டல் கடிதம் மாதிரி, உங்க மகன் எங்ககிட்ட இருக்கான், வாழ்நாள் முழுக்க அவனால யாரோடயும் பழக முடியாம பண்ணுவோம்ங்கற ரீதியில, கீழ கையெழுத்து ஆட்டிசம். ஆட்டிசம் உள்ள ஒரு காலேஜ் பையன், ஆரி நீமன், அதுக்கு முந்தின வருஷம்தான் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்னு ஆட்டிசம் உள்ளவங்களே நடத்தற அமைப்பை இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சிருந்தார், அவங்க மத்த ஊனமுற்றோர் அமைப்புகளையும் சேத்துகிட்டு எதிர்ப்பு தெரிவிச்சாங்க, மூணு வாரம் கூட ஆகல, போர்டெல்லாம் வாபஸ். அதே டிசம்பர்லதான் ஐநா சபை ஏப்ரல் 2-ஐ ஆட்டிசம் விழிப்புணர்வு தினமா அறிவிச்சது.

அப்புறம் 2009-ல ஆட்டிசம் ஸ்பீக்ஸ் ஒரு வீடியோ விட்டாங்க, "ஐ ஆம் ஆட்டிசம்"னு, எடுத்தவர் அல்ஃபோன்சோ குவாரோன், பெரிய சினிமா டைரக்டர், சாதாரண ஆள் இல்ல. அதுல ஆட்டிசமே ஒரு வில்லன் குரல்ல பேசும், குழந்தைங்களுக்கு வர்ற எய்ட்ஸ், கேன்சர், சர்க்கரை வியாதி எல்லாத்தையும் விட வேகமா வேலை செய்வேன், உங்க கல்யாணத்தை உடைச்சுடுவேன்னு. எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்க. கல்யாணம் உடையறது பத்தி ஒரு தகவல்: அமெரிக்காவுல கென்னடி க்ரீகர் இன்ஸ்டிட்யூட் ஆராய்ச்சியாளர்கள் கணக்கு எடுத்தப்போ, ஆட்டிசம் உள்ள குழந்தைங்கள்ல 64 சதவீதம் பேர் அப்பா அம்மா ரெண்டு பேரோடவும் இருந்தாங்க, ஆட்டிசம் இல்லாத குழந்தைங்கள்ல 65 சதவீதம். வேற ஆய்வுகள்ல வித்தியாசம் கூடவும் வந்திருக்கு, ஆனா உன்னால எங்க வாழ்க்கையே போச்சுன்னு ஒரு குழந்தை காதுல விழற மாதிரி சொல்றதுக்கு எந்த ஆய்வும் ஆதாரம் ஆகாது.

2013-ல ஜான் எல்டர் ராபிசன், அந்த அமைப்போட அறிவியல் குழுவுல இருந்த ஆட்டிசம் உள்ளவர், இதே மாதிரி பேச்சு தாங்காம ராஜினாமா பண்ணினார். 2015-ல ஆட்டிசம் உள்ள ரெண்டு பேரை நிர்வாகக் குழுவுல சேத்தாங்க, 2016-ல ஆட்டிசத்தை குணப்படுத்தறது எங்க நோக்கம்ங்கறதையும் நீக்கினாங்க. ஆட்டிசம் உள்ளவங்க வருஷக்கணக்கா எழுதி, கத்தி, வெளிநடப்பு பண்ணித்தான் இவ்வளவு மாறுச்சு.

ஏப்ரல் 2-க்கு கட்டடங்கள்ல நீல விளக்கு போடறாங்களே, அதைப் பத்திக் கேட்டா, 2010-ல அதே அமைப்பு ஆரம்பிச்ச பழக்கம் அது, எனக்கு அதுல பெரிய கோபமும் இல்ல பிரயோஜனமும் தெரியல. வாக்கத்தான்ல பத்தடிக்கு ஒரு ஸ்பீக்கர் வெச்சு அலற விடறதுக்குத்தான் எனக்குக் கோபம், யாருக்காக நடத்தறாங்களோ அவங்க காதைப் பொத்திகிட்டு ஓரமா நிக்கற மாதிரி ஆகுது.

பயம் காட்டறதால வர்ற நிஜமான கெடுதல் என்னன்னா, பயந்த அப்பா அம்மாவை எதிர்பாத்துகிட்டே சில பேர் கடை விரிச்சு உக்காந்திருக்காங்க. ஸ்டெம் செல் போட்டா ஆட்டிசம் சரியாகும்னு லட்சக்கணக்குல வாங்கறாங்க, ஊர்ல நிலத்தை வித்துட்டு ரயிலேறி மும்பை வர்றவங்களைப் பாத்திருக்கேன், அதுல தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2022-ல தேசிய மருத்துவ ஆணையமே தெளிவா சொல்லிடுச்சு, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படல, அதை டாக்டர் விளம்பரம் பண்ணினா தொழில்முறை தவறுன்னு. இந்த ஒரு தகவலை முப்பது செகண்ட்ல சொல்லியிருந்தா எத்தனை வீடு தப்பிச்சிருக்கும். ஒரு ஆட்டிசம் விளம்பரத்துலயும் நான் இதைக் கேட்டதில்ல.

போலியோ விளம்பரம் ஞாபகம் இருக்கா? 1995-ல ஆரம்பிச்சது, இந்த ஞாயிற்றுக்கிழமை, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களைத் தூக்கிட்டு வாங்க, ரெண்டு சொட்டுன்னு என்ன பண்ணணுமோ அதைச் சொல்லுவாங்க. அந்த விளம்பரத்தைப் பாத்து எங்க பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, தாராவில இருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் இடுப்புல வெச்சுகிட்டு போயிட்டு வந்தாங்க. ஆட்டிசம் போலியோ மாதிரி ஒழிக்க வேண்டிய வியாதி இல்ல, நான் சொல்ல வர்றது விளம்பரம் எப்படி எழுதணும்ங்கறதை மட்டும்தான். ஆட்டிசம் விளம்பரத்தைப் பாத்து முடிச்ச ஒரு அம்மாவுக்கு நாளைக்குக் காலைல எங்க போகணும்னு தெரியுமா? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரில அசஸ்மென்ட் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கலாம், அதை வெச்சு மத்திய அரசு அமைப்பான நேஷனல் ட்ரஸ்டோட நிராமயா இன்ஷூரன்ஸ்ல சேர்ந்தா வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர் உண்டு, தெரபி செலவும் அதுல வரும், அரசு வேலைல எங்களை மாதிரி சில பிரிவுக்கும் சேத்து 1 சதவீத ஒதுக்கீடு இருக்கு. எங்க கீழ் வீட்டு அக்காவுக்கு இதெல்லாம் சொன்னது இன்னொரு அம்மா, ஸ்கூல் கேட் வாசல்ல நின்னு. டிவி சொல்லல.

இன்னொண்ணு, விளம்பரத்துல வர்ற ஆட்டிசம் உள்ளவங்க எல்லாரும் ஏழு வயசுப் பசங்க. வளர்ந்தவங்க எங்க? எனக்கு ஆட்டிசம்னு ஆபீஸ்ல சொன்னப்போ, டிவில காட்டற மாதிரி நீ இல்லையே, நல்லாத்தான இருக்கன்னாங்க. குர்லா ஸ்டேஷன் கூட்டத்துல மாட்டிகிட்டு வந்து ஒரு மணி நேரம் வாய்ப் பேச்சே வராம உக்காந்திருக்கற என்னை அவங்க பாத்ததில்ல. அதைப் பாத்திருந்தாலும், மௌனமா இருக்கான், கோவமா இருக்கான்னுதான் நினைச்சிருப்பாங்க.

பெத்தவங்க கஷ்டத்தைப் பேசவே கூடாதான்னு கமென்ட்ல வரும்னு தெரியும். பேசணும். ராத்திரி தூங்காத பிள்ளையோட ரெண்டு மூணு வருஷம் ஓட்டற அம்மாவோட அலுப்பு நிஜம், தனியா விட்டுட்டுப் போன சொந்தக்காரங்க நிஜம், நானில்லாத காலத்துல இவனை யார் பாப்பாங்கற பயம் எல்லாத்தையும் விட நிஜம், பேச்சே வராத, முழு நேரமும் ஆள் துணை வேணும்ங்கற ஆட்டிசம் உள்ளவங்களோட நிலைமை என் நிலைமை இல்லைங்கறதும் நிஜம். ஆனா அந்தக் கஷ்டத்துல பாதி இடம் கொடுக்காத ஸ்கூலாலயும், காசு பிடுங்கற தெரபி சென்டராலயும், பாத்து முறைக்கற பக்கத்து சீட்டுக்காரங்களாலயும் வருது. கேமராவை அங்க திருப்பலாமே, எதுக்கு எப்பவும் பிள்ளை மூஞ்சிலயே வைக்கணும்?

விளம்பரத் துறைல இருக்கற தமிழ் ஆளுங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். ஸ்கிரிப்ட் எழுதும்போதே ஆட்டிசம் உள்ள ரெண்டு மூணு பேரைக் கூப்பிடுங்க, பேச்சு வராம டைப் பண்ணிப் பேசறவங்களும் அதுல ஒருத்தரா இருக்கட்டும், எழுத்தாளருக்குத் தர்ற மாதிரி காசு கொடுங்க, இந்த வரி வேண்டாம்னு அவங்க சொன்னா எடுக்கற அதிகாரத்தையும் கொடுங்க. எடிட் முடிஞ்சு, மிக்ஸ் முடிஞ்சு, ரிலீஸுக்கு முந்தின நாள் கருத்து கேட்டா மாத்த ஒண்ணும் மிச்சம் இருக்காது. போன் பண்ணாம கேள்வியை எழுதி அனுப்பினா இன்னும் நல்லது, பதில் சொல்ல நாலஞ்சு நாள் டைம் கொடுங்க, எங்கள்ல நிறைய பேருக்கு எழுத்துலதான் சரியா வரும்.