டிப்ளமோ படமும் தலைப்பிரசவமும்: எந்தப் பணம் எதற்கு?

கேள்வி: திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படிக்கும் கடைசி ஆண்டு மாணவி நான். இப்போது 18 வாரக் கர்ப்பம். படிப்பை முடிக்க நான் எடுத்து ஒப்படைக்க வேண்டிய டிப்ளமோ படத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. கணவர் ஃப்ரீலான்ஸ் எடிட்டர். ஒரு மாதம் நிறைய வரும், அடுத்த மாதம் ஒன்றுமே வராது. கல்விக் கடனும் உண்டு. சேர்த்த பணத்தைப் பிரசவத்துக்கு வைத்துக்கொண்டு ஓராண்டு படிப்பை நிறுத்தலாமா? அல்லது கூடுதலாகக் கடன் வாங்கியாவது படத்தை முடித்துவிடலாமா? சொந்தமாக ஒரு கேமரா வாங்கினால் வாடகை மிச்சமாகுமே என்றும் தோன்றுகிறது.

பதில்: முதலில் வாழ்த்துகள். படத்தை எடுங்கள். ஆனால் சின்னதாக, சீக்கிரமாக, புதுக் கடன் இல்லாமல். படிப்பை நிறுத்துவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

ஓராண்டு நிறுத்தினால் செலவு குறையும் என்று தோன்றும். ஆனால் பல கல்விக் கடன்களில் தவணை தொடங்கும் நாளை, நீங்கள் மாணவியாக நீடிப்பதை வைத்தே கணக்கிடுகிறார்கள். பதிவேட்டில் விடுப்பு என்று ஏறிவிட்டால், படிப்பு நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு தவணையைக் கேட்க ஆரம்பிக்கலாம். கேட்காவிட்டாலும் வட்டி பெரும்பாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கல்லூரி வழியாக மருத்துவக் காப்பீடோ உதவித்தொகையோ இருந்தால் அதுவும் நின்றுபோகலாம், அது மிகவும் தேவைப்படும் மாதங்களில். அதனால் கல்லூரி அலுவலகம், கடன் கொடுத்தவர் இருவரிடமும் இந்த வாரமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழு விடுப்புக்குப் பதிலாக, படத்தை ஒப்படைக்கும் தேதியை மட்டும் தள்ளித் தருவார்களா என்றும் கேளுங்கள். கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த விஷயம் வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலை பார்க்கும் பெண்களுக்குக் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு வேண்டும் என்கிறது. மாணவிக்கு முதலாளி இல்லை. ஃப்ரீலான்சருக்கும் இல்லை. சம்பளத்தோடு விடுப்பு தர உங்கள் இருவருக்குமே ஆள் கிடையாது. அந்த விடுப்புக்கான பணத்தை நீங்களேதான் இப்போது ஒதுக்கியாக வேண்டும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். கணவரின் கடந்த 12 மாத வருமானத்தில் மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களின் சராசரியை எடுங்கள். நல்ல மாதங்களை மறந்துவிடுங்கள். மாதச் செலவில் அந்தச் சராசரி போக எவ்வளவு துண்டு விழுகிறதோ, அதை நான்கால் பெருக்குங்கள் (14 வாரம் மூன்று மாதத்தைத் தாண்டும், அதனால் நான்கு மாதம்). காப்பீடு தராத பிரசவச் செலவை அதோடு கூட்டுங்கள். புதிதாகப் பாலிசி எடுத்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். மகப்பேறுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு, இந்தப் பிரசவத்துக்கு உதவாது. வந்த தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மிச்சம் இருப்பதுதான் படத்தின் பட்ஜெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில் பிரசவம் என்று தலைகீழாகப் போட வேண்டாம்.

இந்தப் பணம் 32ஆம் வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் குறித்த தேதியை நம்பிப் பணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. கணவருக்கு வர வேண்டிய பழைய பாக்கிகளை இப்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இனி எடுக்கும் வேலைகளுக்கு முன்பணம் கேட்கட்டும்.

சரி, படத்துக்கு வருவோம். சாப்பாடு, வண்டி, லொகேஷன், லைட் வாடகை என்று ஷூட்டிங் செலவில் பெரும்பகுதி நாள் கணக்கில்தான் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பொருளிலும் பேரம் பேசிச் சேமிப்பதைவிட, ஸ்கிரிப்டில் இரண்டு லொகேஷனை வெட்டி ஒரு நாளைக் குறைப்பது பெரிய சேமிப்பு. உங்கள் உடம்புக்கும் நல்லது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும் இந்த நடு மாதங்களிலேயே ஷூட்டிங்கை முடிக்கப் பாருங்கள். நீண்ட நேரம் நிற்க முடியாத நாளில் காட்சியை நடத்திக்கொண்டு போக நம்பிக்கையான ஒரு அசோசியேட் டைரக்டர் பக்கத்தில் இருக்கட்டும். பட்ஜெட்டில் 10 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியாக வையுங்கள்.

எடிட்டிங்கை வீட்டிலேயே சும்மா முடித்துவிடலாம் என்று நிச்சயம் யோசித்திருப்பீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கணவர் உங்கள் படத்தில் உட்காரும் ஒவ்வொரு வாரமும் வேறு வேலையின் வருமானம் போகிறது, அதுவும் பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில். காட்சிகளைத் தோராயமாக வரிசைப்படுத்தும் முதல் கட் உங்கள் வேலையாக இருக்கட்டும். வேலை வராத நாட்களில் அவர் அதைச் செதுக்கட்டும். குழந்தை வந்த பிறகு மெதுவாக முடித்தாலும் நஷ்டமில்லை. பல திரைப்பட விழாக்கள் படம் முடிந்த தேதியிலிருந்துதான் தகுதியைக் கணக்கிடுகின்றன. அனுப்பும்போது முதல் கெடுவுக்குள் அனுப்பினால் பல இடங்களில் நுழைவுக் கட்டணமும் குறையும்.

கேமரா வேண்டாம். கல்லூரியில் மாணவர்களுக்குக் கிடைக்கும் கருவிகளே போதும். வாங்கிய கேமராவின் விலை வாங்கிய நாளிலிருந்தே இறங்கும். அவசரத்துக்கு விற்கப் போனால் இன்னும் குறைத்துத்தான் கேட்பார்கள். படத்துக்கென்று புதுக் கடனும் வேண்டாம். குறும்படம் போட்ட பணத்தைத் திருப்பித் தருவது அபூர்வம். தவணையோ, நீங்கள் இருவரும் குறைவாகச் சம்பாதிக்கும் மாதங்களில் வந்து நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்து, படத்துக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை என்று வந்தால் மட்டும், படிப்பை ஓராண்டு நிறுத்தும் பேச்சைக் கல்லூரியிடம் தொடங்குங்கள்.