ஹீட்டரில் குளிர்காற்று: முதலில் வெப்பமுள்ளைப் பாருங்கள்

கேள்வி: சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் பத்தாண்டுப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி உதகைக்குக் கொண்டுவந்தேன். கோடையில் குறை எதுவும் தெரியவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து ஹீட்டரை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குளிர்காற்றே வருகிறது. அதிகாலையில் தலைக்குந்தா பக்கம் செல்லும்போது கண்ணாடியில் படியும் ஈரப்படலம்கூட விலகுவதில்லை. டேஷ்போர்டில் உள்ள வெப்பமுள் கால் பங்கைத் தாண்டுவதே இல்லை. மைலேஜும் குறைந்திருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (உதகமண்டலம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டேஷ்போர்டைக் கழற்றுவது பெரிய வேலை. திரும்ப மாட்டிய பிறகு கிளிப்புகள் உடைந்து, மேடுபள்ளங்களில் கடகடவென ஒலிக்கும் வண்டிகள் பல உண்டு. அதைவிட முக்கியமாக, உங்கள் கடிதத்திலேயே வேறொரு காரணத்துக்கான தடயம் இருக்கிறது. ஹீட்டர் கோர் அடைத்துக்கொண்டால் காற்றுதான் குளிரும். இன்ஜினின் வெப்பமுள் அதனால் இறங்காது. முள் எழவில்லை என்றால் இன்ஜினே சூடாகவில்லை என்று பொருள்.

காரின் ஹீட்டர் தனியாக எதையும் எரித்து வெப்பம் உண்டாக்குவதில்லை. இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறிய ரேடியேட்டர் போன்ற ஹீட்டர் கோருக்குள் ஓடுகிறது. அதன் மீது புளோயர் ஊதும் காற்றுதான் சூடாகி உள்ளே வருகிறது. கூலன்ட் ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்வரை அதைப் பெரிய ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்துவது தெர்மோஸ்டாட் வால்வு. அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ, இல்லாமலே போனாலோ, மலைக்குளிரில் இன்ஜின் தன் வெப்பத்தை முழுவதும் ரேடியேட்டரில் இழந்துவிடும். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லாதபோது முள் இன்னும் கீழே போகும்.

‘இல்லாமலே போனால்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் வண்டி ஓவர்ஹீட் ஆனால், காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பணிமனைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அது தவறான வைத்தியம். இன்ஜின் குளிர்ந்தே இருந்தால் கணினி கூடுதல் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதன் வழவழப்பைக் கெடுக்கும், தேய்மானம் கூடும். உங்கள் மைலேஜ் குறைந்ததும் இதனால்தான் என்றே நினைக்கிறேன்.

உறுதிசெய்வது எளிது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் விசிறிக்குக் கை போகாமல் எச்சரிக்கையாக, ரேடியேட்டரை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்து, பிறகுதான் சூடேறும். தொடக்கம் முதலே இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், வால்வு திறந்தே கிடக்கிறது அல்லது உள்ளே இல்லை. உங்கள் வண்டிக்கு உரிய வெப்ப அளவுள்ள புதிய வால்வைப் புதிய கேஸ்கட்டுடன் போடுங்கள். செலவு, ஹீட்டர் கோர் வேலையில் ஒரு சிறு பங்குதான்.

முள் பாதிக்கு வந்த பிறகும் காற்று குளிர்ந்தே இருந்தால், இன்ஜின் அறையின் பின்சுவருக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் ஹீட்டர் கோர் நலமே. வெப்பக் குமிழோடு இணைந்த கேபிளோ, உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடலோ நகரவில்லை. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது ஹீட்டர் வால்வு மூடிக்கிடக்கலாம். ஏசி நன்றாகக் குளிரட்டும் என்று சமவெளியில் இந்த ஹோஸையே அடைத்தோ, கோரைத் தவிர்த்து இணைத்தோ விடுவதும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். அடைப்பு என்றால் முதலில் இரு ஹோஸ்களையும் கழற்றி, குறைந்த அழுத்தத்தில் எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். துருநீர் போய்த் தெளிந்த நீர் வரும்வரை கழுவினால் பல கோர்கள் மீண்டுவிடும்.

ஹோஸ்கள் இரண்டுமே குளிர்ந்திருந்து, டேஷ்போர்டுக்குள் நீர் சலசலக்கும் ஓசை கேட்டால், கூலன்ட் குறைந்து கோரில் காற்று புகுந்திருக்கிறது. இங்கே ரேடியேட்டர் மூடியைக் கவனியுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் அந்தக் கொதிநிலை உயரும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் கூலன்ட் ஆவியாகிக் குறைந்துகொண்டே போகும். குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். பிறகு வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து இன்ஜினை ஓடவிட்டால் காற்று வெளியேறும். சூடான நிலையில் மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

நிரப்பிய கூலன்ட் மீண்டும் குறைகிறதா என்று சில வாரங்கள் பாருங்கள். முன்புற இடப்பக்க இருக்கையின் கால்விரிப்பு நனைந்து, காரினுள் இனிப்பு வாசனை வந்தால் அப்போது ஹீட்டர் கோரை மாற்றலாம். புகைக்குழாயில் இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தாலோ, கூலன்ட்டில் இடைவிடாமல் குமிழி எழுந்தாலோ, இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கும்வரை வண்டியை மலைப்பாதையில் எடுக்காதீர்கள்.