எரிக் பிரவுன் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டாரா, சோதனை விமானியாக மட்டும் இருந்தாரா?

இரண்டும் செய்தார். பிரிட்டிஷ் கடற்படை விமானி எரிக் பிரவுன், 1941-இல் ஆடாசிட்டி என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் மார்ட்லெட் ரகப் போர் விமானம் ஓட்டினார். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய சரக்குக் கப்பலின்மேல் தளம் போட்டு உருவாக்கிய அக்கப்பலில் விமானங்களை நிறுத்தக் கொட்டகைகூட இல்லாததால், அட்லாண்டிக்கின் மழையிலும் உப்புக்காற்றிலும் அவை திறந்த தளத்திலேயே கிடந்தன. வணிகக் கப்பல் வரிசைகளை உளவு பார்க்க வந்த நான்கு இயந்திரங்கள் கொண்ட காண்டோர் ரக ஜெர்மானிய விமானங்களில் இரண்டை, நேருக்கு நேர் பாய்ந்து தாக்கி, அவர் வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நீர்மூழ்கியின் தாக்குதலில் ஆடாசிட்டி மூழ்கியபோது, குளிர்நீரில் பலர் மடிய, அவர் உயிர் தப்பினார்.

அதன்பின்தான் பிரிட்டனின் விமான ஆய்வு மையம் இருந்த ஃபார்ன்பரோவில் சோதனைப் பணி. அது பாதுகாப்பான வேலை என்று எண்ணிவிட வேண்டாம். 1944 மார்ச் மாதம், இரட்டை இயந்திரம் கொண்ட கனமான மஸ்கிட்டோ விமானத்தை இன்டெஃபேட்டிகபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கினார். போர் முடிந்த சில மாதங்களில், 1945 டிசம்பர் 3 அன்று, ஓஷன் கப்பலின் தளத்தில் வாம்பயரை இறக்கியதன் மூலம் ஜெட் விமானத்தைக் கப்பலில் தரையிறக்கத் திட்டமிட்டுச் சாதித்த முதல் விமானியானார். அவர் ஓட்டிய விமான வகைகள் 487; கப்பல் தளங்களில் இறங்கியது 2,407 முறை.